புதுச்சொல் கண்ணில் பட்டால்: வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

ஒரு தலையங்கத்தில் ‘ஜனநாயக விழுமியங்கள்’ என்று வருகிறது. என்ன சொல்ல வருகிறார்கள் என்பது குத்துமதிப்பாகப் புரிகிறது. அகராதியைத் திறக்காமலே மேலே படித்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம், அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நாளைக்கு நீங்களே எழுதப்போகிறீர்கள் என்றால் குத்துமதிப்பு போதாது. அது எந்தச் சொல்லோடு சேரும், எதோடு சேராது, யாரிடம் சொன்னால் புரியும், ஏற்கெனவே கையில் இருக்கும் ‘மதிப்பு’ செய்யாத எந்த வேலையை இது செய்கிறது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும்.

தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்து, தமிழிலேயே சொல்வளத்தைக் கூட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி. ஒரு சொல்லுக்கு முதல் நாள் இருபது நிமிடம் ஆகும். பிறகு ஒரு மாதத்தில் விட்டுவிட்டு இன்னொரு இருபது நிமிடம். அதனால் வாரத்துக்கு ஐந்து சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரே நாளில் முப்பது சொல்லைக் குறித்துவைப்பவர்களுக்கு மாதக் கடைசியில் நோட்டுதான் மிஞ்சும்.

முதலில் மூன்று அறைகள்

எந்தச் சொல்லாக இருந்தாலும் கடைசியில் மூன்றில் ஓர் அறைக்குப் போகும். ‘புழங்கு’: நானே எழுதுவேன், பேசுவேன். ‘அறி’: பிறர் எழுதினால் புரிந்துகொள்வேன், நான் எடுக்கமாட்டேன். ‘விடு’: மறந்தாலும் பரவாயில்லை. சொல்லைக் கற்பதில் பாதி உழைப்பு வீணாவது இந்த அறைகளைக் கலப்பதால்தான். ‘அறி’ அறைக்கு உரிய சொல்லை மனப்பாடம் செய்து நேரத்தைத் தொலைப்பது ஒரு வகை. ‘புழங்கு’ அறைக்கு உரியதை ஒருமுறை பொருள் பார்த்ததோடு விட்டுவிடுவது இன்னொரு வகை. படித்தால் புரியும் சொல், எழுதும்போது கைக்கு வராமல் நிற்பது இதனால்தான்.

படி 1: வாக்கியத்தோடு பிடியுங்கள்

சொல்லை மட்டும் குறிக்காதீர்கள். அது வந்த வாக்கியம் முழுவதையும், அது தலையங்கமா, சிறுகதையா, மேடைப் பேச்சா என்பதையும் எழுதுங்கள். அகராதியைப் பார்க்கும் முன் உங்கள் ஊகத்தை ஒரு வரியில் பென்சிலால் எழுதிவிடுங்கள். ஊகம் தவறாகிப்போனால் சரியான பொருள் இன்னும் ஆழமாகப் பதியும்.

படி 2: அகராதியில் இருக்கும் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

‘அகராதியில் இந்தச் சொல்லே இல்லை’ என்று கைவிடுபவர்களில் பாதிப்பேர் தேடியது தலைச்சொல்லை அல்ல, அதன் உருபேற்ற வடிவத்தையோ புணர்ந்த வடிவத்தையோ. இங்கே கொஞ்சம் நின்று வேலை செய்ய வேண்டும்.

உருபுகளைக் கழற்றுவது எளிது. ‘விழுமியங்களை’ என்பதில் ‘ஐ’, ‘கள்’ போனால் ‘விழுமியம்’ நிற்கும். ‘அம்’ ஈற்றுப் பெயர்கள் உருபு ஏற்கும்போது ‘அத்து’ பெறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘விழுமியத்தால்’ என்பதில் இருப்பதும் அதே சொல்தான்.

புணர்ச்சிதான் ஏமாற்றும். சொல்லின் நடுவே ‘ற்’ வந்து அடுத்து க, ச, ப வந்தால் அது ‘ல்’ அல்லது ‘ன்’ ஆக இருந்திருக்கலாம்: கடற்கரையில் இருப்பது கடல், முற்பகலில் இருப்பது முன். அதே இடத்தில் ‘ட்’ வந்தால் ‘ள்’ அல்லது ‘ண்’: மட்குடத்தில் இருப்பது மண். ‘ற்ற’ வந்தால் ‘ல்’லுக்குப் பின் தகரம் வந்து இரண்டும் மாறியிருக்கலாம்: சொற்றொடர் என்பது சொல்லும் தொடரும். மெல்லினம் முன்னால் வந்தாலும் இதேதான்: நன்னூலில் இருப்பது நல், சொன்மாலையில் இருப்பது சொல். இந்த நாலைந்து மாற்றங்களைத் தெரிந்துவைத்தாலே பழைய உரைநடையில் பாதிச் சிக்கல் தீரும்.

வினைச்சொல்லில் இன்னொரு கண்ணி உண்டு. ‘படிந்தது’, ‘படித்தது’ இரண்டுக்கும் அடி ‘படி’தான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவற்றைப் ‘படிதல்’, ‘படித்தல்’ எனத் தனித்தனித் தலைச்சொல்லாக, வினை எந்த வாய்பாட்டில் திரியும் என்பதற்கான எண்ணோடு தருகிறது. முன்னதற்கு 4, பின்னதற்கு 11. இறந்தகாலத்தில் ‘ந்த்’ வருகிறதா ‘த்த்’ வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தேடினால் தவறான பதிவில் போய் விழமாட்டீர்கள்.

அச்சு அகராதியைப் புரட்டுகிறவர்களுக்கு ஒன்று: ற, ன இரண்டும் மெய்வரிசையின் கடைசியில் வருகின்றன. ‘ந’ எட்டாவது, ‘ன’ பதினெட்டாவது. ‘ர’வுக்கு அடுத்த பக்கத்தில் ‘ற’வைத் தேடினால் கிடைக்காது.

படி 3: இரண்டு அகராதி, இரண்டு கேள்வி

ஓர் அகராதியோடு நிறுத்தாதீர்கள். தமிழில் அகராதிகள் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. சங்க இலக்கியம் தொட்டு வந்த பொருள்கள் அதில் வரிசையாகக் கிடக்கும். ‘இந்தச் சொல்லுக்கு எப்போதாவது என்னென்ன பொருள் இருந்தது?’ என்பதற்கு அது பதில் தரும். ‘இன்று யார், எங்கே, எப்படிச் சொல்கிறார்கள்?’ என்பதற்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்க்க வேண்டும். அதன் முதல் பதிப்பு 1992இல் வந்தது. 2008இலும் 2020இலும் விரிந்த பதிப்புகள் வந்தன. பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சிறு குறிப்பைப் படியுங்கள்: பேச்சு வழக்கா, உயர் வழக்கா, வட்டார வழக்கா, அருகிவரும் வழக்கா, இலங்கை வழக்கா என்று அது சொல்லும். எந்த அறை என்பதைப் பல நேரம் அந்தச் சிறு குறிப்பே முடிவு செய்துவிடும்.

இரண்டாவது அகராதியில் சொல் இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். அது பழஞ்சொல்லாக இருக்கலாம், மிகப் புதிய ஆக்கமாக இருக்கலாம், ஓர் ஊருக்கு மட்டும் உரியதாகவும் இருக்கலாம். இயற்சொல் (எல்லாருக்கும் புரிவது), திரிசொல் (செய்யுளில் வரும் கற்றோர் சொல்), திசைச்சொல் (வட்டாரச் சொல்), வடசொல் (வடமொழியிலிருந்து வந்தது) என்று தொல்காப்பியம் நான்காகப் பிரித்தது இந்த இடத்தில் இன்றும் உதவும். திரிசொல் என்று பட்டால் ‘எந்த நடைக்கு?’ என்று கேளுங்கள். திசைச்சொல் என்று பட்டால் ‘எந்த ஊருக்கு?’ என்று கேளுங்கள்.

படி 4: பழைய பொருள் குறுக்கே நிற்கிறதா

‘விழு’ என்றதும் கீழே விழுவதுதான் நினைவுக்கு வரும். விழுப்புண் என்பது தடுக்கி விழுந்து பட்ட புண் அல்ல. முகத்திலும் மார்பிலும் ஏற்ற சிறந்த புண் அது. ‘சிறந்த’ என்னும் பொருள் தரும் இந்த ‘விழு’விலிருந்துதான் விழுப்பம், விழுமிய, விழுமியம் எல்லாம். ‘ஒழுக்கம் விழுப்பம் தரலான்’ (குறள் 131) என்பதில் இருப்பதும் அதுவே. ஆனால் ‘விழுமம்’ என்ற உறவுக்காரச் சொல் சிறப்பையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். ‘விழுமந் துடைத்தவர் நட்பு’ (குறள் 107) என்றால் துன்பத்தைத் துடைத்தவர். ஆகவே விழுமியத்துக்குப் பதில் ‘விழுமம்’ என்று எழுதி அழகு சேர்க்கப் பார்த்தால் பொருள் தலைகீழாகும்.

‘நாற்றம்’ ஒருகாலத்தில் மணம், இன்று துர்நாற்றம். ‘கிழவன்’ பழம்பாட்டில் உரியவன், தலைவன். இன்று அப்படி யாரையும் அழைக்க முடியாது. பழைய பொருளில் ஒரு சொல்லைக் கண்டு ஆசைப்பட்டால், இன்றைய பொருள் அதைக் கெடுக்கிறதா என்று பாருங்கள். கெடுக்கிறது என்றால் தயங்காமல் ‘அறி’ அறை.

படி 5: அக்கம்பக்கத்தைச் சேகரியுங்கள்

பொருள் தெரிந்தும் சொல்லைத் தப்பாக எழுதுவது இங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதோடு வழக்கமாகக் கூடும் சொற்கள் உண்டு. இணையத்தில் தேடி, வெவ்வேறு ஆட்கள் எழுதிய பத்து வாக்கியங்களை எடுங்கள். பத்தும் ஒரே செய்தியின் நகல்களாக இருந்தால் அது ஒன்றாகத்தான் கணக்கு. பழைய நூல்களுக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் தமிழ் விக்கிமூலமும் கைகொடுக்கும். விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்காத பக்கங்களில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும், எச்சரிக்கை.

தேடும்போது முழுச்சொல்லை மட்டும் போட்டால் உருபேற்ற வடிவங்கள் நழுவும். ‘விழுமியம்’, ‘விழுமியங்கள்’, ‘விழுமியங்களை’, ‘விழுமியத்தை’ என நான்கையும் தனித்தனியே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்.

பத்து வாக்கியம் சேர்ந்ததும் மூன்றைக் குறியுங்கள். முன்னால் என்ன வருகிறது: அற, மனித, சமூக, ஜனநாயக. பின்னால் எந்த வினை வருகிறது: பேணு, கட்டிக்காப்பாற்று, சிதை. ஒருமையா, பன்மையா: இந்தச் சொல் பெரும்பாலும் பன்மையில்தான் வாழ்கிறது. ‘வீட்டின் விழுமியம் ஐம்பது லட்சம்’ என்று ஒருவரும் எழுதுவதில்லை, அங்கே ‘மதிப்பு’தான். இந்த எல்லை தெரிந்ததும் சொல் உங்கள் கைக்குள் வந்துவிடுகிறது.

ஊர் எல்லையும் இந்தப் பத்து வாக்கியத்தில் தெரியவரும். ‘அவதானி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தமிழில் ‘அவதானமாகப் போங்கோ’ என்றால் கவனமாகப் போங்கள், அன்றாடச் சொல். தமிழ்நாட்டில் ‘அவதானம்’ என்றதும் எட்டு விஷயங்களில் ஒரே நேரம் கவனம் செலுத்தும் அட்டாவதானமும் நூறில் செலுத்தும் சதாவதானமும்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘அவதானிப்பு’ கட்டுரைகளில் புழங்குகிறது, டீக்கடையில் இல்லை. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இயல்பாக இருப்பது மதுரை வாசகருக்குக் கட்டுரைத்தனமாகப் படும். யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதே அறையை மாற்றும்.

படி 6: மாற்றிப்போட்டுப் பார்த்தல்

முடிவு செய்வதற்கான சோதனை இது. புதுச்சொல்லின் இடத்தில் உங்களிடம் ஏற்கெனவே உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

‘குடும்ப விழுமியங்கள்’ என்ற இடத்தில் ‘குடும்ப மதிப்புகள்’ போட்டால் மரியாதையா, சொத்தா, கணக்கா என்று குழம்பும். ‘மதிப்பீடுகள்’ கொஞ்சம் பொருந்தும், ஆனால் அது தேர்வுத் தாளைத் திருத்துவதற்கும் நிலத்துக்கு விலை போடுவதற்கும்கூட ஆகும் சொல். ‘அறம்’ போட்டால் பொருள் ஆழமாகிறது, கூடவே வேறாகவும் ஆகிறது. ஆக, ஒரு சமூகம் உயர்ந்தது என்று கருதிக் காப்பவற்றை ஐயம் இல்லாமல் சொல்ல இந்தச் சொல்லுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. சோதனையில் தேறியது.

எல்லாச் சொல்லும் இப்படி முழுசாகத் தேறுவதில்லை. ‘அயர்ச்சி’யைப் பாருங்கள். மூட்டை தூக்கினால் களைப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அசதி. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் அலுப்பு. தோற்றால் சோர்வு. இத்தனை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியில் ‘அயர்ச்சி’ புதிதாக எதைத் தருகிறது? பெரும்பாலும் ‘சோர்வு’ உட்காரும் நாற்காலியிலேயே, கொஞ்சம் இலக்கிய வாசனையோடு உட்காருகிறது. ஆனால் ‘அயர்ந்து தூங்கினான்’ என்ற இடத்தில் ‘சோர்ந்து தூங்கினான்’ போட்டால் ஆழ்ந்த தூக்கம் என்ற பொருள் போய்விடும். எனவே பெயர்ச்சொல்லான ‘அயர்ச்சி’ ‘அறி’ அறைக்கும், ‘அயர்ந்து’ ‘புழங்கு’ அறைக்கும் போகின்றன. ஒரே அடியின் இரண்டு வடிவங்களை இரண்டு அறையில் வைப்பதில் தப்பே இல்லை. இதைப் பலரும் செய்வதில்லை, செய்தால் பாதிச் சுமை குறையும்.

கூடவே வாய்விட்டும் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் நிற்கும் சொல்லை உங்கள் ஊர்ப் பேச்சின் முடிபுகளோடு சேர்த்துச் சொன்னால் சிரிப்பு வருகிறதா? ‘நம்ம விழுமியத்த விட்டுடக் கூடாதுடா’ என்பது நண்பரைக் கேலி செய்யத்தான் உதவும். இது எழுத்துக்கும் மேடைக்கும் மட்டும் என்று, படி 8இல் சொல்லும் அட்டையில் குறியுங்கள். தென்மாவட்டங்களில் கேட்கும் ‘வெள்ளன வந்துரு’ (சீக்கிரம் வந்துவிடு) நேர் எதிர். பேச்சில் அவ்வளவு கச்சிதமாக இருக்கும் ‘வெள்ளன’, அரசு அறிவிப்பில் வந்தால் ஒட்டாது. கதையில் உரையாடல் எழுதுபவருக்கோ அது பொக்கிஷம்.

புத்தாக்கச் சொற்களுக்குத் தனிக் கணக்கு

‘பேருந்து’ தமிழ்நாட்டில் பெயர்ப்பலகையில் ஏறி, செய்தியில் நிலைத்து, எழுத்தில் இயல்பாகிவிட்டது. ‘மின்னஞ்சல்’ அப்படியே. ‘மகிழுந்து’ எழுத்தில் அங்கங்கே தென்படுகிறது, பேச்சில் கார்தான். காபிக்கு ‘குளம்பி’ என்று கேட்டால் கடைக்காரர் இரண்டாவது முறை கேட்கவைப்பார், அதற்குள் ‘குழம்பு’ வேறு காதில் வந்து மோதும். புத்தாக்கத்தைச் சோதிக்க மூன்றே கேள்விகள்: விளக்கம் இல்லாமல் முதல் முறையே புரிகிறதா, ஒலியில் வேறு சொல்லோடு மோதுகிறதா, அது இடம்பிடிக்க வேண்டிய பழைய சொல் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது. வெளியிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் கையில் உள்ளதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சாவி, அலமாரி, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கீசிய வரவுகள்தாம்.

படி 7: முடிவு

பின்வரும் நான்கு கேள்விகளில் மூன்றுக்காவது ‘ஆம்’ என்றால் ‘புழங்கு’ அறையில் போடுங்கள்.

1. கையில் உள்ள சொல் செய்யாத வேலை இதற்கு இருக்கிறதா?
2. என் வாசகர் அல்லது கேட்பவர் அகராதி இல்லாமல் புரிந்துகொள்வாரா?
3. அடுத்த முப்பது நாளில் நான் எழுதும், பேசும் விஷயத்தில் இதற்கு இடம் வருமா?
4. இதனோடு சேரும் சொற்களில் மூன்றையாவது பார்க்காமல் சொல்ல முடிகிறதா?

முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் மற்ற மூன்றும் தேறினாலும் அவசரப்படாதீர்கள், ‘அறி’யில் வையுங்கள். ஒரு சொல்லை அதன் அழகுக்காக மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்றால், கவிதை எழுதுபவர் எடுத்துக்கொள்ளட்டும். விண்ணப்பம் எழுதுபவர் வேண்டாம்.

படி 8: பதியவைத்தல்

‘அறி’ அறைக்கு நோட்டில் ஒரு வரி போதும். அட்டை ‘புழங்கு’ அறைக்கு மட்டும். முன்பக்கத்தில் சொல்லை எழுதாதீர்கள். நீங்கள் பிடித்த வாக்கியத்தை, அந்தச் சொல் இருந்த இடத்தைக் கோடிட்டு விட்டு எழுதுங்கள்: ‘ஜனநாயக ______ஐப் பேணும் கடமை’. பின்பக்கத்தில் சொல், மூன்று அக்கம்பக்கச் சொற்கள், ‘எழுத்து மட்டும்’ போன்ற ஒரு குறிப்பு. சொல்லைக் கண்டு பொருள் சொல்வது எளிது, பொருளிலிருந்து சொல்லை வரவழைப்பதுதான் கடினம். எழுதும்போது உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதனால் பயிற்சியும் அந்தத் திசையில்தான் இருக்க வேண்டும்.

அட்டையை எடுக்கும் நாள்கள்: 1, 3, 7, 16, 35. தவறினால் மறுபடி முதல் நாள். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும் இந்த முறையை அட்டைப்பெட்டியின் அறைகளாக வகுத்துப் பரவலாக்கியவர் ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர், 1972இல். கைபேசியில் ‘ஆங்கி’ (Anki) போன்ற செயலிகள் இதையே தானாகக் கணக்கிட்டுத் தருகின்றன, தமிழ் எழுத்துகளிலும் தடையில்லை.

முதல் இரண்டு நாளுக்குள் மூன்று வாக்கியம் எழுதுங்கள். ஒன்றாவது உண்மையிலேயே யாருக்காவது போகும் வாக்கியமாக இருக்கட்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு புதுச்சொல்தான். இரண்டு போட்டால் வாசகர் வாக்கியத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

படி 9: முப்பதாம் நாள் தணிக்கை

அட்டையின் மூலையில், சொல்லைத் தேவைக்காக எடுத்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டுவாருங்கள். பயிற்சிக்காக எழுதியது கணக்கில் வராது. முப்பது நாளில் மூன்று கோடு விழுந்தால் சொல் உங்களுடையது, அட்டை இனி தேவையில்லை. ஒன்றோ இரண்டோ என்றால் இன்னொரு மாதம் கொடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ‘அறி’ அறைக்கு இறக்கிவிடுங்கள்.

‘வைகறை’, ‘எற்பாடு’ இரண்டையும் ஒரே நாளில் எடுத்தவருக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டும் சிறுபொழுதுகளின் பெயர்கள். ஒன்று விடிவதற்கு முந்தைய பொழுது, மற்றது வெயில் சாயும் பிற்பகல். ஆத்திசூடியின் ‘வைகறைத் துயிலெழு’ பலருக்கும் காதில் விழுந்திருப்பதால் ‘வைகறை’யைக் கேட்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. ‘அதிகாலை’யைவிடச் சற்று முந்திய இருட்டை அது தனியாகச் சொல்லவும் செய்கிறது, ஆகவே கோடுகள் விழும். ‘எற்பாடு’ எழுதினால் ‘ஏற்பாடு’ என்பதன் அச்சுப்பிழை என்று எடுத்துக்கொண்டு யாராவது திருத்திவிடுவார்கள். அதன் அட்டையில் இறக்கிய தேதியைப் போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகிவையுங்கள். நெய்தல் திணைப் பாடலுக்கு உரை படிக்கும் நாளில் எடுத்தால் போதும்.